சூன் காட்டிய முதலை

எங்கள் பள்ளத்தாக்கில் சூனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஒரு பெயர் இருந்தது. சந்தைக்கு மீன் கொண்டுபோனால், "இது நேத்துப் புடிச்சதுங்க" என்று வாங்க வந்தவர்களிடம் தானாகவே சொல்லிவிடுவான். பிறகு விற்காத மீனோடு வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் திட்டு வாங்குவான். ஆள் ஒல்லி. நாற்பது வயதிலும் புது ஆட்களைக் கண்டால் தலையைச் சொறிவான். ஆற்றங்கரையில் விடுதி கட்டியபோது படகு தள்ள அவனை எடுத்ததே அந்தப் பெயருக்காகத்தான்.

நான் அந்த விடுதியில் சமைக்கிறவள். எங்களுடையது சின்ன விடுதி. கால் ஊன்றி நிற்கும் சில மரக்குடில்கள், பின்னால் மழைக்காடு, அதற்கும் பின்னால் மலை. வருகிறவர்கள் எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான். ஆற்றின் மேல்பக்கம் பெரிய மடுவில் இருக்கிற முதலையைப் பார்க்க வேண்டும். தண்ணீரின்மேல் இருக்கும்போது நாங்கள் அதன் பெயரைச் சொல்வதில்லை, 'பெரியவர்' என்போம்; இந்தக் கரையில் செத்தவர்களுக்கு அவர்தான் காவல் என்பது எங்கள் நம்பிக்கை. பெரியவர் ஆளைத் தின்கிறவர் இல்லை. அவருக்கு மீனும் தண்ணீர்ப்பாம்பும் போதும். பயமெல்லாம் அவருக்குத்தான். போர்க்காலத்தில் சுட்டுத் தின்றார்கள், அதன்பின் முதலைப் பண்ணைக்காரர்களுக்குப் பிடித்து விற்றார்கள். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு, படகுக் கம்பு நீரில் இறங்கும் சத்தத்துக்கே மூழ்கிவிடும். கரைச் சேற்றில் வால் இழுத்த தடம் ஈரம் காயாமல் இருக்கும். முதலை இருக்காது.

அதனால் வந்தவர்கள் பலரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் திரும்பினார்கள். மேலாளர் கோசல் தலைநகரத்து ஆள். கெட்டவர் இல்லை. காலையில் படகுத்துறையில் வந்து நிற்பார்.

"என்ன சூன், இன்னைக்கும் தடம்தானா?"

"தடம் புதுசுங்கய்யா."

"தடத்தப் பாக்கவா வானத்துல பறந்து வர்றாங்க? ஒரு வாலாச்சும் காட்டுப்பா. இப்படியே போனா பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

விடுதி நடந்தால்தான் அந்த வருமானத்தில் எங்கள் ஊர் ஆட்கள் காட்டைக் காவல் காக்க முடியும். அவர்கள் இல்லாவிட்டால் மரம் வெட்டுகிறவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். சூனுக்கு அது நன்றாகத் தெரியும். தன் முதுகில்தான் எல்லாம் நிற்கிறது என்று நினைக்கிற சுபாவம் அவனுக்கு.

ஒரு பனிக்காலக் காலை. பிரான்சிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மாளை ஏற்றிக்கொண்டு மடுவுக்குப் போனான். முழங்கால் வலியோடு மூன்று நாளாகத் தளராமல் வந்தவள் அவள். பனி மூட்டத்துக்குள் எதிர்க்கரை வேர்களுக்கடியில் ஒரு கட்டை கிடந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்து அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள். சூன் 'மரம்' என்று சொல்ல வாயைத் திறந்தான். திரும்பிப் பார்த்தால் அவள் கண்ணில் நீர். வாயை மூடிக்கொண்டான்.

"நான் ஒண்ணுமே சொல்லலக்கா. தலையைக்கூட ஆட்டல" என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னான். பொய் அப்படித்தான் தொடங்கியது, ஒன்றுமே சொல்லாததில்.

அன்று எல்லோர் முன்னாலும் அந்த அம்மாள் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். கோசல் கோழி அடிக்கச் சொன்னார். பெரியவர் வந்துவிட்டார் என்று நம்பி நானும் எலுமிச்சம்புல் அரைத்துச் சந்தோஷமாகச் சமைத்தேன். சூன் மட்டும் சாப்பிடாமல் வயிற்றுவலி என்று போய்விட்டான்.

சேதி பரவியது. அடுத்த கூட்டம் அந்த இடத்தையே கேட்டு வந்தது. அதற்குள் மலையில் பெய்த மழையில் கட்டை அடித்துக்கொண்டு போயிருந்தது. சூன் தன் மச்சான் பெங்கிடம் போனான். பெங் படகு செய்கிறவன்.

"என்ன மச்சான், புதுப் படகா?"

"படகு இல்ல." தலையைச் சொறிந்தான். "பெரியவர் மாதிரி ஒண்ணு."

பெங் உளியைக் கீழே வைத்தான். "எது மாதிரி?"

"சத்தம் போடாத. தலையும் முதுகும் இருந்தாப் போதும். மத்தது தண்ணிக்குள்ளதான் இருக்கும்."

"ஆணா பொண்ணா?" என்று கேட்டுவிட்டு பெங் தரையில் உருண்டு சிரித்தான். "உலகத்துலயே பொய் சொல்லத் தெரியாதவன் எங்க அக்கா புருஷன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். நீ முதலையே செய்யச் சொல்றியா?"

ஆனால் செய்யும்போது பெங் மனம் வைத்துச் செய்துவிட்டான். கண்ணுக்குப் பின்னால் வரும் இரண்டு மேடு, முதுகின் முள்வரிசை எல்லாம் இருந்தன. சூன் அதைப் பிரம்பால் வேரோடு கட்டி வைத்தான். ஓட்டத்தில் அது மெல்ல ஏறி இறங்கியது. தொலைநோக்கி வைத்திருப்பவர்களை வெளிச்சம் ஏறுமுன்னே கூட்டிப்போனான். யாராவது "இன்னும் கிட்டப் போகலாமா" என்றால், "மூழ்கிடும்" என்றான். தினமும் கிடந்தால் சந்தேகம் வருமென்று சில நாட்கள் கல்லைக் கட்டி அமுக்கியும் வைத்தான். பொய் சொல்லத் தெரியாதவனுக்குப் பொய் இவ்வளவு நன்றாக வந்தது அவனையே பயமுறுத்தியது. புகைப்படத்துக்குக் கூப்பிட்டால் ஓடி ஒளிந்தான். மனைவி, "ஏன் இப்படி இளைச்சுப் போற?" என்று கேட்டால் எரிந்து விழுந்தான்.

வெளியூர்க்காரர்களை ஏமாற்றியது அவனை அரித்தது. ஆனாலும் அதோடு எப்படியோ வாழ்ந்துவிட்டான். அந்தக் கோடையில் யெம் பெரியம்மா வந்தாள்.

யெம் அவன் அம்மாவின் அக்கா. அம்மா போனபின் அவனை வளர்த்தவள் அவள்தான். நெட்டையான பெண்பிள்ளை, வெற்றிலைக் கறை படிந்த வாய், யாருக்கும் அடங்காத பேச்சு. மூன்று வளைவு தாண்டி மேல்கிராமத்தில் தனியாக இருந்தாள். பெரியவர் தெரிகிறார் என்று கேள்விப்பட்டு, வாழைப்பழம், வேகவைத்த கோழி, அரிசிச் சாராயம், ஊதுவத்தி எல்லாவற்றையும் கட்டம்போட்ட துண்டில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே விடுதிக்கு வந்துவிட்டாள்.

"டேய் சூன், ஊரு உலகமெல்லாம் பாக்குது, வளத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா! படகை எடு."

"பெரியம்மா, இன்னைக்குத் தண்ணி சரியில்ல..."

"எனக்குத் தண்ணி சொல்லித் தர்றியா? எடுடா."

எடுத்தான். அன்று பார்த்து அது மிதந்துகொண்டிருந்தது. மடுவின் வாயில் நுழைந்ததும் அவள் கண்டுவிட்டாள். படகிலேயே மண்டிபோட்டுத் துண்டைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு கைகூப்பினாள். பின்னால் கம்பைப் பிடித்தபடி சூன் உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டீங்களா பெரியவரே" என்றாள். அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. "போர்ல எங்கள வெரட்டினப்போ நாங்களும் போயிட்டோம், நீங்களும் போயிட்டீங்க. எம் பொண்ணை இந்தக் கரையிலதான் விட்டுட்டுப் போனேன். காய்ச்சல்ல செத்துப்போச்சு. ஒரு ஊதுவத்தி ஏத்தல. பின்னால துப்பாக்கியோட நின்னுக்கிட்டு, நடன்னான். அழக்கூட விடல. பால் கட்டிக்கிட்டு வலிக்குது, அதோடயே நடந்தேன். அவ ஒங்க பக்கத்துலதான இருந்தா? பயந்துக்காம இருந்தாளா?"

ஓட்டத்தில் கட்டை மெல்ல அசைந்தது. அவளுக்கு அது தலையசைப்பாகத் தெரிந்தது. நெற்றி படகின் பலகையில் பட அழுதாள்.

அவள் அழுது முடிக்கும்வரை சூன் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒரு பெண் பிறந்து செத்தது அதுவரை அவனுக்குத் தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது.

திரும்பி வந்து என் அடுக்களையில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள் யெம். முகம் பத்து வயது குறைந்திருந்தது. "புத்தாண்டுக்கு ஊரையே கூட்டிக்கிட்டு வர்றேன். கிட்டப் போயிப் படையல் வைக்கணும்" என்றாள். சூன் அடுப்படி வாசலில் நின்றான். சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறான். அவள் சாப்பிடுகிற அழகைப் பார்த்துவிட்டு, வாய் வராமல் விறகை எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

புத்தாண்டுக்கு முந்தின நாள் விடியற்காலையில் அவனும் பெங்கும் போய் அந்தக் கட்டையை அவிழ்த்து, மூங்கில் புதருக்குள் இழுத்துப் போட்டார்கள். மறுநாள் மேல்கிராமமே படகுகளில் வந்தது. மடு வெறுமையாக இருந்தது. கூட்டத்தைக் கண்டு ஒளிந்துகொண்டார் என்று சொல்லிக்கொண்டு, கரையில் படையல் வைத்துச் சாராயம் குடித்துவிட்டுச் சிரிப்பும் பாட்டுமாகப் போனார்கள். சூன் மூச்சு விட்டான். அதோடு முடிந்தது என்று நினைத்தான்.

முடியவில்லை. யெம் மட்டும் போகாமல் விடுதிப் பக்கம் ஒரு தோழி வீட்டில் தங்கினாள். தினமும் காலையில் கரையோரமாக நடந்துபோய் மடுவைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு வாரம் கழித்து நான் பார்த்தபோது ஆள் பாதியாகியிருந்தாள்.

"நான்தான் கெடுத்தேன்" என்றாள். "ஒத்தையா வந்தவளுக்கு முகம் காட்டினாரு. ஊரைக் கூட்டி மிரட்டிட்டேன். எம் பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

கஞ்சியைத் தவிர எதுவும் தொடமாட்டேன் என்று விரதம் பிடித்தாள். அதுவும் இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

சூன் பெங்கிடம் ஓடினான். பெங்குக்கும் சிரிப்பு வரவில்லை. "திரும்பக் கட்டி விட்டுரலாம் மச்சான். கெழவி பாத்துட்டுச் சோறு திங்கட்டும்" என்றான். சூன் தனியாகப் போய்க் கட்டையைத் தண்ணீர்வரை இழுத்தும் விட்டான். அங்கே அதன் முகத்தைப் பார்த்தான். காய்ந்து, மேட்டில் வெடிப்பு விட்டு, கண் இருந்த இடத்தில் எறும்பு போய்க்கொண்டிருந்தது. இதனிடமா அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள் என்று தோன்றியதும் அதை அங்கேயே போட்டுவிட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னான்.

அங்கிருந்து நேரே அவள் தங்கியிருந்த வீட்டுக்கு வந்தான். நான் கஞ்சி கொண்டு போயிருந்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். சூன் படியேறி வந்து அவள் முன்னால் மண்டிபோட்டான்.

"பெரியம்மா, அது பெரியவர் இல்ல."

"எதுடா?"

"நீங்க பாத்தது. மரம். பெங் செதுக்கினான், நான் கட்டி வெச்சேன். அவிழ்த்ததும் நான்தான். நீங்க ஒண்ணும் கெடுக்கல."

ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட எண்ணமில்லை, அதிர்ச்சியில் வந்த சிரிப்பு. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் யெம் காதில் அது விழுந்தது.

யெம் கேட்டாள்: "நான் பேசினதையெல்லாம் கேட்டியா?"

"கேட்டேன்."

"பின்னாலதான் உக்காந்திருந்த."

"ஆமா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சூன். நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி."

தலை தரையில் முட்டுகிற மாதிரி குனிந்திருந்தான். "எந்திரிச்சுப் போ" என்றாள். அவன் எழுந்து தடுமாறினபோது, "படி வழுக்கும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றே கோசலிடமும் சொன்னான். கோசல் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "எனக்குச் சந்தேகம் இருந்துச்சுப்பா. கேட்டாத் தெரிஞ்சுபோயிடுமேன்னு கேக்கல" என்றார். வந்துபோன விருந்தினர்களுக்கெல்லாம் உண்மையை எழுதினார். சிலர் திட்டினார்கள், பலர் பதிலே போடவில்லை. சூனை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அவனாகவே படகை விட்டு இறங்கி என் அடுக்களைக்கு விறகு பிளக்க வந்தான்.

ஊர் சும்மா இருக்குமா? அவனுக்குக் 'கட்டைச் சூன்' என்று பெயராயிற்று. அதை அவன் வாங்கிக்கொண்டான். ஆனால் யெம்முக்கும் ஒரு பெயர் வைத்தார்கள், 'மரத்தம்மா' என்று. சந்தையில் ஒரு வெற்றிலைக்காரி, "என்ன யெம் அக்கா, எங்க வீட்டு உரலுக்கும் ஒரு ஊதுவத்தி ஏத்திட்டுப் போங்களேன்" என்றாள். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அதன்பின் யெம் சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இதைக் கேட்ட சூன் அந்தக் கடைக்குப் போனான். வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாதவன்.

"சிரிக்கணும்னா என்னைப் பாத்துச் சிரிங்க. அவங்களப் பாத்துச் சிரிக்காதீங்க."

"ஒன்னைப் பாத்துச் சிரிச்சு முடிச்சாச்சுப்பா" என்றாள் வெற்றிலைக்காரி.

திரும்பி வந்து விறகுக்கட்டின் மேல் உட்கார்ந்து இதை என்னிடம் சொன்னான். "மறைச்சு வெச்சப்போ எனக்கு மட்டும்தான் வெக்கம். சொன்னப்புறம் அதத் தூக்கி அவங்க தலையில வெச்சுட்டேன்க்கா" என்றான். அது உண்மைதானே.

மழை பிடித்த புதிதில் மூங்கில் குருத்து ஒடிக்க அவன் மடுவுக்கு மேலே, யாரும் போகாத ஒரு கிளை ஓடைக்குப் போனான். நாணலுக்குள்ளிருந்து தவளையும் இல்லாத, பறவையும் இல்லாத ஒரு சத்தம். குத்துக்கால் போட்டு அசையாமல் இருந்தான். முதலைக் குட்டிகள், சாண் நீளம் ஒன்றொன்றும் கரைச் சருகுக் கூட்டிலிருந்து கத்திக்கொண்டு வந்தன. தண்ணீரிலிருந்து தாய் எழுந்துவந்து வாயால் அள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று. திரும்ப வந்தது. திரும்ப அள்ளியது.

நனைந்துபோய் அடுக்களையில் வந்து நின்றான். சொல்லும்போது பல் தந்தியடித்தது.

"கோசல்கிட்ட சொன்னியா?" என்றேன்.

"சொன்னா நாளைக்கே கூட்டம் போகும். குட்டி செத்துரும்."

"பெரியம்மாகிட்ட?"

"எந்த மூஞ்சியோட?" என்றான். "நான் சொன்னா, இன்னொரு மரமான்னு கேப்பாங்க. கேக்கவும் வேணும்."

நான் போனேன். மேல்கிராமம் வரை நடந்து யெம்மிடம் சொன்னேன். பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"அவன் காட்டறத நான் பாக்கமாட்டேன்."

"அவன் வரமாட்டான். வழி மட்டும் சொல்லியிருக்கான். நாம ரெண்டு பேருந்தான்."

"ஒனக்கென்ன தெரியும், நீயும் ஏமாந்தவதான."

"ஏமாந்தவதான். அதான் நானும் பாக்கணும்."

அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் அவள் வாசலில் தயாராக நின்றாள். படையல் எதுவும் எடுத்துவரவில்லை. கை வெறுங்கையாக இருந்தது.

அட்டைகளை உதறிக்கொண்டு இருவரும் நாணல் ஓரம் உட்கார்ந்தோம். கால் மரத்துப்போயிற்று. சூரியன் மரங்களுக்குமேல் ஏறினபின் குட்டிகளின் கத்தல் கேட்டது. அப்புறம் தண்ணீர் கலங்காமல் ஒரு தலை எழுந்தது. மஞ்சள் கண். ஒரு குட்டி அந்தத் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. யெம் அசையவில்லை, கைகூப்பவில்லை. தலை எங்களைப் பார்த்தது. பிறகு இல்லை. வட்டம்கூட விழவில்லை.

யெம் என் கையைத் தொட்டாள்.

"ஒனக்கும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"குட்டி மேல ஏறிச்சே, அது?"

"ஏறிச்சு. பாத்தேன்."

"சத்தியமா?"

சத்தியம் செய்தேன். அவள் அதை மூன்று முறை வாங்கிக்கொண்டாள். யார் பேச்சையும் நம்பாமல் தன் கண்ணை மட்டும் நம்பி வாழ்ந்த பெண்பிள்ளை அவள். அன்று தன் கண்ணுக்கு என்னிடம் சாட்சி கேட்டாள். சூன் செய்ததில் பெரிய பாவம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஓடையிலிருந்து வெளியே வரும் பாதை விடுதி வழியாகத்தான் போகிறது. சூன் விறகு பிளந்துகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் கோடரியைக் கீழே போட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்றான். யெம் அவனைத் தாண்டிப் போனாள். போனவள் திரும்பாமலே நின்று, "எங்க வீட்டுக் கூரை ஒழுகுது. ஓலை எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

போய் மாற்றிக்கொடுத்தான். நாள் முழுக்க வேலை. அவள் சோறு மட்டும் போட்டாள். அதன்பிறகும் போய்வருகிறான். பழைய மாதிரி "டேய்" என்று அவள் கூப்பிடுவதில்லை, பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். மீண்டும் சந்தைக்கு வருகிறாள். ஆனால் வெற்றிலையை வேறு கடையில் வாங்குகிறாள்.

மறுவருடம் கோசல் வற்புறுத்தி சூனை மறுபடி படகில் ஏற்றினார். கிளை ஓடைப் பக்கம் அவன் யாரையும் கூட்டிப்போனதில்லை. படகில் ஏறுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறான்: "இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. தெரியலேன்னா என்னை மன்னிச்சுக்கணும்." சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. சிலர் சிரித்துக்கொண்டே ஏறுகிறார்கள், சிலர் இறங்கிவிடுகிறார்கள். யாராவது எதிர்க்கரையைக் காட்டி "அதோ!" என்று கத்தினால், இப்போதும் அவன் முகம் கழுத்துவரை சிவந்துபோகிறது. "மரம்" என்கிறான், உடனே.